கம்பம் எண் 47-க்குக் கண்ணீர் அஞ்சலி

ஆவாரங்குளம்
02.02.2025

அக்கா,

சிவகாசிக்குக் கிழக்கே, ஆவாரங்குளம் நகராட்சி, பதினோராம் வார்டு, கம்பெனி ரோட்டில் வாழ்ந்து வந்த திரு. ஒளிமுத்து (எ) விளக்குக் கம்பம் எண் 47 அவர்கள், கடந்த செவ்வாய்க்கிழமை மாலை இருட்டும் நேரத்தில், இரண்டு தடவை கண் சிமிட்டி, மூன்றாவது தடவைக்குத் தெம்பில்லாமல் இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். அன்னாரின் உடன்பிறந்த மற்ற கம்பங்களை நகராட்சி போன வாரமே அணைத்துவிட்டபடியால் கண்ணீர் விட ஆளில்லை. அன்னாரது உடல் நின்ற கோலத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. இருட்டில் பார்க்கத்தான் முடியாது.

என் நம்பரை நீ ப்ளாக் பண்ணி மூன்று வாரம் ஆகிறது. அம்மா போனில் பேசினாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். சரி, போனை ப்ளாக் பண்ணலாம், தபால்காரரை எப்படி ப்ளாக் பண்ணுவாய் என்று யோசித்துத்தான் இந்த ஏற்பாடு. போஸ்ட் ஆபீசில் இன்லேண்ட் லெட்டர் கேட்டேன். கவுன்டரில் இருந்த மேடம், "யாருக்குடா, லவ்வா?" என்றார். நீலகிரிப் பக்கம் ஒரு நகராட்சி இளநிலை உதவியாளருக்கு என்றேன். அவர் முகத்தில் இருந்த ஆர்வம் நாற்பத்தேழாம் கம்பம் மாதிரி அணைந்துபோனது.

விசயம் இதுதான். நம் நகராட்சியில் துட்டு இல்லையாம். கரண்ட் பில் கட்ட முடியவில்லையாம். அதனால் வீடில்லாத ரோடுகளில் விளக்கை அணைத்துவிட்டார்கள். கம்பெனி ரோட்டில் ஒரு வீடு கூடக் கிடையாது, ரெண்டு பக்கமும் கருவேலங்காடு. ஆனால் பட்டாசுக் கம்பெனி வேன் நம் காலனிப் பொம்பளைகளைப் பைபாஸ் முக்கில் இறக்கிவிட்டால், அந்த ரோட்டில்தான் நடந்து வரணும். திருப்பத்தில் நிற்கிறார் என்பதற்காக ஒளிமுத்துவை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அவரும் போய்விட்டார். இதே நகராட்சி ஊர் எல்லையில் பெரிய ஆர்ச் கட்டிக்கொண்டிருக்கிறது. நகராட்சி என்று பேர் வைத்தவன் கெட்டிக்காரன். உள்ளே எதுவும் நகராது.

நீ கவலைப்படாதே. தினமும் சாயந்தரம் முக்குக்குப் போய் அம்மாவைக் கூட்டி வருவது நான்தான். இருட்டு, நாய், பாம்பு எதற்கும் பயப்படாத ஒரு ஆம்பளை வீட்டில் இருக்கிறான் என்று தைரியமாக இரு. அப்பா லாரியில் லோடோடு வடக்கே போயிருக்கு, வர மாசக்கடைசி ஆகும். அம்மா நன்றாக இருக்கிறது. நடையில் மட்டும் கொஞ்சம் ஸ்டைல் மாறியிருக்கிறது.

அந்த ஆடிட் போன் பற்றி இன்னும் கோபமா? நான் நல்ல நடிகனாகப் பிறந்தது என் குற்றமா?

உன் தம்பி,
முனியராஜ்


நீலகிரி
09.02.2025

முனியா,

உன் லெட்டர் கிடைத்தது. ஆபீஸ் முகவரிக்கு அனுப்பி, மேலே சிவப்பு மையில் "தணிக்கை சம்பந்தமானது, அவசரம்" என்று எழுதியிருந்தாய். அதனால் மேலாளர் மேசை வழியாகத்தான் என் கைக்கு வந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நீ நடிகன்தான். மண்டலத் தணிக்கை அலுவலகத்திலிருந்து பேசுகிறேன், உங்கள் வசூல் பதிவில் வித்தியாசம் இருக்கிறது, காலையில் விளக்கம் தரணும் என்று அந்தக் கட்டைக் குரலில் நீ சொன்னபோது நான் பஸ்சில் உட்கார்ந்திருந்தேன். பாதி வழியில் இறங்கி மழையில் ஆபீசுக்கு நடந்தேன். இந்த ஊரில் எனக்குத் தெரிந்தவர்கள் என்று யாரும் இல்லை. அழுதால் ஏன் என்று கேட்கக்கூட ஆள் கிடையாது. மறுநாள் நீ போன் பண்ணிச் சிரிக்கிறாய். நான் அதற்குள் ஒரு காரியம் செய்துவிட்டிருந்தேன். அது என்ன என்று இப்போது சொல்ல மாட்டேன்.

பதில் எழுதுவதாக இல்லை. ஒரு வரிக்காகத்தான் எழுதுகிறேன். "நடையில் ஸ்டைல் மாறியிருக்கிறது" என்றால் என்னலே அர்த்தம்? அம்மாவிடம் கேட்டால் சாப்டியா, குளிருதா என்று பேச்சை மாத்துது.

மறுதபாலில் உண்மை வரணும்.

வேல்விழி


ஆவாரங்குளம்
16.02.2025

அக்கா,

உன் லெட்டரை நாலு தடவை படித்தேன். மழையில் நடந்தாய் என்பது எனக்குத் தெரியாது. அதற்கு மேல் அதைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பேனாவைக் கடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததில் மூடி போய்விட்டது.

அம்மா வாறுகாலில் விழுந்துவிட்டது. கம்பெனி ரோட்டுத் திருப்பத்தில் பாதி வெட்டிப் போட்டிருக்கிறார்களே, அந்தச் சாக்கடை வாறுகால். ஒளிமுத்து காலமான மறுநாள். கணுக்கால் வீங்கி இட்லி மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள், எலும்பு முறியவில்லை, ஜவ்வுதான். ஒரு வாரம் நடக்கக்கூடாது என்றார்கள். அம்மா ரெண்டு நாள் நடக்கவில்லை. மூன்றாம் நாள் சேலைக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு வேனில் ஏறிவிட்டது. உன்னிடம் சொன்னால் நாக்கை அறுப்பேன் என்று எனக்கு உத்தரவு. அதனால்தான் ஸ்டைல் என்று எழுதினேன். நான் அன்றைக்கு ட்யூசன் போயிருந்தேன். இருந்திருந்தால் விழ விட்டிருப்பேனா?

ஆனால் சும்மா இருப்பேன் என்று நினைக்காதே. ஞாயிற்றுக்கிழமை திருத்தங்கல் பிரஸ்சில் வெட்டுத்தாள் அள்ளப் போகிறேன் இல்லையா, அங்கே மணிகண்டராஜ் அண்ணன் கையில் காலில் விழுந்து, ஒளிமுத்துவுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்துவிட்டேன். நடுவில் கம்பத்தின் படம், ரெண்டு பக்கமும் புறா. கீழே, "உன்னால் வழி கண்டோம், இன்று வாறுகாலில் வழிகிறோம்." இருபது பிரதி. ஊரே நின்று படிக்கிறது. உக்கிரபாண்டி என்று ஒரு பெரியவர் வெளியூரிலிருந்து மாலையோடு வந்து ஒளிமுத்து வீடு எது என்று கேட்டார். கம்பத்தைக் காட்டினேன். அவரும் நல்ல மனுசன், வந்ததற்குப் போட்டுவிட்டுப் போனார். கவுன்சிலர் பொன்னுத்தங்கம் வீட்டில் இதே பேச்சாம். எண்ணி ஒரு மாதத்தில் விளக்கு எரியும், பார்.

ஒன்று மட்டும் சொல். நீயும் அந்த மாதிரி ஆபீசில்தான் உட்கார்ந்திருக்கிறாய். ஆர்ச் கட்டத் துட்டு இருக்கிறது, அம்மா நடக்கிற ரோட்டுக்கு இல்லை. உங்களுக்கெல்லாம் கணக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

முனியராஜ்


நீலகிரி
23.02.2025

ஏலே முனியா,

அம்மாவை ஒரு வாரம் லீவு போடச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே, சொன்னால் வீம்புக்குப் போகும். காலில் ஒத்தடம் நீதான் கொடுக்கணும். கேலி பண்ணாமல் கொடு.

ஒரு ராத்திரி முழுக்க உன் மேலே கோபப்பட்டேன். பிறகு உன் கேள்வியைப் பார்த்தேன். யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதே இல்லை. என் வேலை என்ன என்றுகூட நம் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆபீசில் உட்கார்ந்திருக்கேன், அம்புட்டுத்தான். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

ஆர்ச்சுக்கு வந்தது மேலேயிருந்து அந்த வேலைக்கென்றே வந்த பணம். உனக்குக் காது குத்தியபோது மாமா தோடு எடுத்துக் கொடுத்தாரே, அதை விற்று அம்மா மளிகை வாங்கியிருந்தால் மாமா அப்புறம் நம் வாசப்படி மிதித்திருப்பாரா? அதே மாதிரிதான். விளக்குக் கரண்ட், குப்பை வண்டிக்கு டீசல், குழாய் ரிப்பேர், இதெல்லாம் ஊர் தன் கையால் சம்பாதித்துச் செய்யணும். ஊருக்கு ஏது சம்பாத்தியம்? வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம், கடை வாடகை. நம் ஊரைப் பற்றித் தெரிந்த ஒருவரிடம் விசாரித்தேன். நம் வார்டில் பத்து வீட்டுக்கு மூன்று வீடுதான் வரி கட்டுகிறது.

மீதி ஏழு வீடும் கெட்டவர்கள் இல்லை. நகைக்கடனைத் தள்ளுபடி பண்ணின மாதிரி எலெக்சன் வந்தால் வீட்டு வரிக்கும் தள்ளுபடி வரும், கட்டினவன்தான் ஏமாளி என்று காத்துக்கிட்டு இருக்காக. வராது. அதை யாரும் அவர்களிடம் எடுத்துச் சொல்லவில்லை. பட்டாசுக் கம்பெனியோ பக்கத்துப் பஞ்சாயத்தில் இருக்கிறது. அது கட்டுகிற வரி அங்கே போகும். அங்கே வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள் நடப்பது நம் நகராட்சி ரோட்டில்.

அப்போது கரண்ட் பில் கட்டத் துட்டு இல்லை என்றால் எதை அணைப்பார்கள்? வீடில்லாத ரோட்டை. அங்கே அணைத்தால் வாசலில் வந்து கத்த ஆள் இல்லை. அணைத்தவரைத் திட்டாதே. அந்த ஃபைல் என் மேசைக்கு வந்திருந்தால் நானும்தான் குறிப்பு எழுதி மேலே அனுப்பியிருப்பேன். அதில் அம்மா நடக்கிறது இருக்காது.

இனி என் விசயம். நீ விளையாட்டுக்குச் சொன்ன வித்தியாசம் நிஜமாகவே இருந்தது. டிசம்பரில் ஒரு தெரு முழுவதும் கட்டின தண்ணீர்க் கட்டணத்தை நான் வீட்டு வரியில் ஏற்றிவிட்டேன். கட்டினவர்கள் பேரில் பாக்கி நிற்கிறது. கண்டுபிடித்துவிட்டேன், ஆனால் வாய் திறக்கப் பயம். புது வேலை. அந்த நேரத்தில்தான் நீ போன் பண்ணினாய். விடிந்ததும் மேலாளரிடம் போய் நானே சொன்னேன். அவர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, திருத்தி எழுதும்மா, டீ குடிச்சியா என்றார். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. வெளியே வந்தால் நீ சிரிக்கிறாய். எந்த முகத்தோடு உன்னிடம் பேசுவது என்று தெரியாமல்தான் ப்ளாக் பண்ணினேன்.

போஸ்டரில் நாலு வரி எழுதுகிறாய். அப்பா பேரில் இருக்கிற நம் வீட்டுக்கு ஒரு வரி கட்டியிருக்கிறதா? அம்மாவிடம் கேள். மார்ச்சோடு கணக்கு முடிகிறது. அதற்கு முன்னால் வார்டுக் கூட்டம் வரும். விளக்கு வேண்டும் என்று மட்டும் கேட்டால் பார்க்கலாம் என்பார்கள். எங்கள் வார்டு என்ன கட்டியிருக்கிறது, அந்த ரோட்டு விளக்குக்கு என்ன ஆகும், ரெண்டையும் சொல்லுங்கள் என்று கேட்கணும்.

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டு. கடைசிப் பக்கத்தை மட்டும் விட்டுவிடு.

அக்கா


ஆவாரங்குளம்
09.03.2025

அக்கா,

வெற்றி. இந்த ஊரில் எனக்குச் சிலை வைக்கத் துட்டு இல்லை என்பதால்தான் வைக்கவில்லை.

முதலில் தலைகுனிவு. நம் வீட்டு வரி ரெண்டு வருசமாகப் பாக்கி. அம்மாவிடம் கேட்டபோது, எல்லாரும் கட்டாம இருக்காக, நாம கட்டி என்ன ஆகப்போகுது என்றது. நீ எழுதியதைப் படித்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டது. தூங்கிவிட்டது என்று நினைத்து நிறுத்தினால், படிலே என்றது. அந்தப் பத்து வீடு மூன்று வீடு இடத்தைத் திருப்பி வாசிக்கச் சொன்னது. அப்புறம், "அப்ப அந்த ரோட்டு லைட்டு நம்ம துட்டுலதான் எரிஞ்சுச்சா?" என்று கேட்டது. நகராட்சிக்குக் கரண்ட் சும்மா வருகிறது என்று நினைத்திருக்கிறது. சனிக்கிழமை சம்பளம் வாங்கி, திங்கட்கிழமை நொண்டிக்கொண்டே போய் ஒரு வருசத்துக் காசைக் கட்டிவிட்டு வந்துவிட்டது.

பிறகு நம் தெருவில் ஒவ்வொரு வீடாகக் கட்ட ஆரம்பித்தார்கள். எல்லாம் என் போஸ்டரின் மகிமை.

வியாழக்கிழமை வார்டுக் கூட்டம். பொன்னுத்தங்கமும் ஆபீசிலிருந்து ஒரு சாரும் நாற்காலியில். வேனில் வந்த பொம்பளைகள் சாப்பாட்டு வாளியோடு அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். விளக்கு கேட்டதும் சார், நிதி நிலைமை சரியில்லை, பரிசீலிக்கலாம் என்றார். நான் எழுந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன்:

"எங்க வார்டு எம்புட்டுக் கட்டியிருக்கு, இந்த ரோட்டு லைட்டுக்கு மாசம் எம்புட்டு ஆகும்னு ரெண்டையும் சொல்லுங்க சார். நாங்க கட்டுனது கூட இருந்தா எரியவிடுங்க. கொறைஞ்சா நாங்களே வந்து அணைச்சுக்கிறோம்."

சார் போனில் யாரையோ கேட்டார். ரெண்டு தொகையும் வந்தது. அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை, பொன்னுத்தங்கத்திடம் காட்டினார். கவுன்சிலர் பார்த்துவிட்டு, மாசம் முடியுறதுக்குள்ள இதே மாதிரி வசூல் வந்தா தீர்மானம் போட்டுருவோம் என்றார். மாரித்தாய் அக்கா, நம் எதிர்வீடுதான், எழுதிக் குடுங்க என்றார். எழுதிக் கொடுத்தார்கள்.

இப்படியாக உன் தம்பி.

முனியராஜ்


நீலகிரி
16.03.2025

முனியா,

அம்மா பணம் கட்டியதைப் படித்துவிட்டு ஆபீசில் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இங்கே சாயந்தரம் பனியில் ரூமுக்கு நடக்கும்போது தெருவிளக்கு ஒவ்வொன்றாக வரும். இது யார் கட்டினதில் எரியுதோ என்று நினைத்துக்கொண்டே போவேன். பழகின ஆள் யாரோ கூட நடக்கிற மாதிரி இருக்கும். யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்கிறேன், கேலி பண்ணு.

ஆனால் ஒன்று. "கொறைஞ்சா நாங்களே வந்து அணைச்சுக்கிறோம்." இது உன் வாய் இல்லை. நீ பேசியிருந்தால் நடுவில் ஒரு ஜோக் வந்திருக்கும். உன் போஸ்டரைப் பார்த்து எந்த வீட்டிலும் வரி கட்டமாட்டாக, எனக்கு நம் ஊரைத் தெரியும்.

விளக்கு எரிகிற அன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுது. எழுதினால் உன் நம்பர் மேலே போட்ட ப்ளாக்கை எடுத்துவிடுகிறேன்.

அக்கா


ஆவாரங்குளம்
30.03.2025

அக்கா,

வெள்ளிக்கிழமை சாயந்தரம் கம்பெனி ரோட்டில் விளக்கு எரிந்தது. எல்லாம் எரிந்தது, ஒளிமுத்துவைத் தவிர. அவருக்கு நிஜமாகவே பல்பு போயிருந்தது. நேற்று ஏணியோடு வந்து மாற்றினார்கள். உயிர்த்தெழுந்துவிட்டார், முதலாம் ஆண்டு நினைவு அஞ்சலியை ரத்து செய்கிறேன்.

நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னாய். எழுதுகிறேன், வேகமாகப் படித்துவிடு.

போஸ்டர் இருபது இல்லை, ஒன்று. வெட்டுத்தாளில் அண்ணனுக்குத் தெரியாமல் அடித்தது. அதைக் கம்பத்திலேயே ஒட்டினேன். ராத்திரி யாருக்கும் தெரியவில்லை, விளக்கு இல்லையே. காலையில் போனால் ஆடு பசைக்காகப் பாதியைத் தின்றுவிட்டது, மீதியை என் கண் முன்னால் தின்றது. உக்கிரபாண்டி என்று யாரும் மாலையோடு வரவில்லை. அவர் வந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

கூட்டத்தில் பேசியது அம்மா. நான் கடைசி வரிசையில் மாரித்தாய் அக்காவுடைய சாப்பாட்டு வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மா எழுந்தபோது கால் வலியில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றது. சத்தம் போடவே இல்லை.

வரி கட்ட வைத்தது நீ. உன் லெட்டரைப் படித்துக் காட்டினேன் இல்லையா, மறுநாள் அம்மா அதைச் சாப்பாட்டுப் பையில் வைத்து வேனுக்குக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் படிக்கத் தெரியாது, மாரித்தாய் அக்கா சத்தமாகப் படித்திருக்கிறார். போகும்போது பாதி, வரும்போது பாதி. தினமும். தள்ளுபடி இடத்தில் பெரிய சண்டையாம், கவர்மென்டு ஆபீஸ் ஆளுக அப்படித்தான் சொல்லுவாக என்று. அப்புறம் கடைசிப் பக்கம் வந்திருக்கிறது. நீ விடச் சொன்ன பக்கம். நான் அம்மாவிடம் கொடுக்கும்போது கிழிக்க மறந்துவிட்டேன். மறக்கவில்லை, கிழிக்க மனசு வரவில்லை. உன் தப்பை நீயே போய்ச் சொன்னதைக் கேட்டதும் வேனில் அந்தச் சண்டை நின்றுவிட்டதாம். பின் சீட்டிலிருந்து ஒரு பாட்டிதான், "இவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லியிருக்கிறது. அம்மா கட்டின அந்தத் திங்கட்கிழமையிலிருந்துதான் மற்றவர்களும் கட்ட ஆரம்பித்தார்கள்.

மழையில் உன்னை நடக்க விட்டதற்கு மன்னிச்சிரு. இதை உன் முதல் லெட்டருக்கான பதிலிலேயே எழுதியிருக்கணும். அப்போது ஜோக்தான் வந்தது.

இன்னும் ஒன்று பாக்கி. அம்மா விழுந்த அன்றைக்கு நான் ட்யூசன் போகவில்லை. கூடத்தான் இருந்தேன். கருவேலங்காட்டில் மயில் அகவியது. மயில் என்று பிறகுதான் தெரியும். நான் அலறிக்கொண்டு அம்மா கையைப் பிடித்து இழுத்ததில்தான் அது வாறுகாலில் சறுக்கியது. விழுந்து கிடந்துகொண்டே, பயப்படாதலே, மயிலு என்று எனக்குச் சொல்கிறது. இன்றைக்கு வரைக்கும் அம்மா அதை யாரிடமும் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியிலும் தானாகச் சறுக்கினேன் என்றுதான் சொன்னது. அப்புறமும் தினமும் முக்குக்குப் போனேன். நான் அம்மாவைக் கூட்டி வந்தேன் என்று உனக்கு எழுதினேன். நொண்டிக்கொண்டே அதுதான் என்னைக் கூட்டி வந்தது.

ப்ளாக்கை எடுத்தாலும் எடு, ஆனால் லெட்டரை நிறுத்தாதே. வேனில் அடுத்த லெட்டர் எப்ப வரும் என்று கேட்டுக்கிட்டே இருக்காக. தண்ணீர்க் கட்டணம் பற்றி எழுதணுமாம்.

நேற்று ஒளிமுத்து எரிகிறாரா என்று பார்க்க வேனில் இறங்கின எல்லோரும் சேர்ந்தே நடந்தோம். திருப்பம் வந்ததும் அம்மா பழக்கத்தில் கையை நீட்டியது. நானும் பழக்கத்தில் பிடித்துக்கொண்டேன். இத்தனை நாள் இருட்டில் யாருக்கும் தெரியாது. இப்போது வேன் முழுக்கத் தெரிந்துவிட்டது.

உன் தம்பி,
முனியராஜ்